இளையோர்க்கும் ஓர் இருக்கை

நுழையும் முன்

ஓர் ஊரில் பள்ளி எங்கே அமைய வேண்டும், பேருந்துக் கட்டணம் எவ்வளவு இருக்க வேண்டும், நிலக்கரியை இன்னும் எத்தனை ஆண்டுகள் எரிக்கலாம் என்பனவற்றையெல்லாம் முடிவு செய்வோர் பெரியோர். அம்முடிவுகளின் விளைவுகளோடு நெடுங்காலம் வாழப்போகிறவர்களோ இளையோர். முடிவு செய்வோருக்கும் அதன் பயனை நுகர்வோருக்கும் இடையிலுள்ள இத்தொலைவைக் குறைக்க ஐரோப்பிய இளையோர் மேற்கொண்ட முயற்சிகளை இப்பாடம் விளக்குகிறது.

வயது என்னும் வாயில்

மக்களாட்சியில் குடிமக்களின் முதற்கருவி வாக்கு. அதனை யார் பயன்படுத்தலாம் என்பதை ஒவ்வொரு நாடும் ஒரு வயது எல்லையால் வரையறுத்துள்ளது. அவ்வெல்லை இயற்கை வகுத்ததன்று, மனிதர் வகுத்தது. ஆதலால் அது காலந்தோறும் மாறி வந்துள்ளது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் 21 வயது நிரம்பியவர்களே வாக்களிக்க முடிந்தது. இதில் ஒரு முரண்பாடு இருந்தது. மேற்கு ஜெர்மனியில் 18 வயது இளைஞர் கட்டாயப் படைப்பணிக்கு அழைக்கப்படலாம். ஆனால், அப்படையை நடத்தும் அரசைத் தேர்ந்தெடுக்க அவர் மேலும் மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். 1960களில் பல்கலைக்கழக மாணவர்கள் வீதிகளில் திரண்டு தம் குரலை எழுப்பினர். பிரிட்டன் 1969ஆம் ஆண்டிலும், மேற்கு ஜெர்மனி 1970ஆம் ஆண்டிலும், பிரான்சு 1974ஆம் ஆண்டிலும் வாக்குரிமை வயதை 18 ஆகக் குறைத்தன. இந்தியாவில் அரசமைப்புச் சட்டத்தின் 61ஆவது திருத்தம் 1989ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தபோது இதே மாற்றம் நிகழ்ந்தது.

பதினாறு வயதில் வாக்கு

பதினெட்டோடு அவ்விவாதம் முடிந்துவிடவில்லை. 2007ஆம் ஆண்டு ஆஸ்திரியா, நாடு தழுவிய தேர்தல்களில் 16 வயதினரும் வாக்களிக்கலாம் என்று சட்டமியற்றியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அவ்வாறு செய்த முதல் நாடு அதுவே. அந்நாட்டில் கட்டாயப் பள்ளிக் கல்வியை முடித்த இளையோர் பலர் பதினைந்து வயதிலேயே தொழிற்பயிற்சியில் சேர்ந்து ஊதியம் பெறுகின்றனர். உழைப்போர் வரிசையில் நிற்பவருக்கு வாக்காளர் வரிசையிலும் இடம் வேண்டும் என்பது ஆதரவாளர்களின் வாதமாக இருந்தது. சட்டத்தோடு பள்ளிகளில் அரசியற்கல்வியும் வலுப்படுத்தப்பட்டது.

ஸ்காட்லாந்தின் பட்டறிவு இன்னும் புகழ்பெற்றது. பிரிட்டனிலிருந்து பிரிந்து தனிநாடாக வேண்டுமா என்பதைப் பற்றி 2014ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள் அங்கே பொதுவாக்கெடுப்பு நடந்தது. அதில் 16, 17 வயதினரும் வாக்களிக்க இசைவு தரப்பட்டது. இளையோர் ஆர்வம் காட்டமாட்டார் என்று எண்ணியவர்கள் வியப்படைந்தனர். ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட 16, 17 வயதினர் வாக்காளராகப் பதிவு செய்துகொண்டனர். வாக்கெடுப்புக்குப் பின்னர் தேர்தல் ஆணையம் நடத்திய கணக்கெடுப்பில், அவ்வயதினருள் 75 விழுக்காட்டினர் தாம் வாக்களித்ததாகக் கூறினர். 18 முதல் 24 வயது வரையிலானவர்களுள் அவ்வாறு கூறியோர் 54 விழுக்காட்டினரே.

இவ்வேறுபாட்டுக்குரிய காரணம் எண்ணத்தக்கது. பதினெட்டு, பத்தொன்பது வயதில் இளையோர் பலர் கல்விக்காகவோ வேலைக்காகவோ வீட்டைவிட்டு வேற்றூர் செல்கின்றனர். பதினாறு வயதினரோ வீட்டிலும் பள்ளியிலும் வேரூன்றி இருக்கின்றனர். உணவு மேசையிலும் வகுப்பறையிலும் நாட்டு நடப்பைப் பற்றிப் பேச அவர்களுக்கு வாய்ப்பு உண்டு. முதல் வாக்கைப் பழகிய சூழலில் அளிப்பவர், அப்பழக்கத்தைப் பின்னரும் தொடர்வார் என்று வயதுக் குறைப்பை ஆதரிப்போர் கருதுகின்றனர்.

2015ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் தன் தேர்தல்களுக்கும் உள்ளாட்சித் தேர்தல்களுக்கும் வாக்குரிமை வயதை 16 ஆக ஒருமனதாகக் குறைத்தது. மால்டா 2018ஆம் ஆண்டு இவ்வழியைப் பின்பற்றியது. 2024ஆம் ஆண்டு நடந்த ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் ஜெர்மனியிலும் பெல்ஜியத்திலும் 16 வயதினர் முதன்முறையாக வாக்களித்தனர்.

எல்லா இடங்களிலும் இம்முயற்சி வெற்றி பெறவில்லை. லக்சம்பர்க்கில் 2015ஆம் ஆண்டு நடந்த பொதுவாக்கெடுப்பில் ஏறத்தாழ 81 விழுக்காட்டினர் வயதைக் குறைக்கும் திட்டத்தை மறுத்தனர். பதினாறு வயதில் முதிர்ச்சி போதாது, பெற்றோரும் ஆசிரியரும் கூறுவதை இளையோர் அப்படியே ஏற்பர் என்பன மறுப்போர் பொதுவாகக் கூறும் வாதங்கள். ஸ்காட்லாந்திலும் ஆஸ்திரியாவிலும் கிடைத்த பட்டறிவை ஆதரிப்போர் அதற்கு விடையாகக் காட்டுகின்றனர். இவ்வாறு இருதரப்பும் காரணங்களை முன்வைத்து வாதிடுவதும் மக்களாட்சியின் ஒரு கூறே ஆகும்.

வாக்கில்லாதோர்க்கும் வழி உண்டு

வாக்குரிமை பெறும் வரை வாய்மூடி இருக்க வேண்டுமா? வேண்டியதில்லை என்பதைப் பிரான்சு நாட்டின் ஷில்டிகைம் என்னும் நகரம் காட்டியது. ஐக்கிய நாடுகள் அவை 1979ஆம் ஆண்டைப் பன்னாட்டுக் குழந்தைகள் ஆண்டாக அறிவித்திருந்தது. அவ்வாண்டில் அந்நகரம் சிறுவர்களுக்கென ஒரு நகர மன்றத்தை அமைத்தது. பின்னர் பிரான்சின் நகரங்கள் பலவற்றில் இத்தகைய மன்றங்கள் தோன்றின.

1989ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12ஆவது பிரிவு, தம்மைப் பாதிக்கும் செய்திகளில் கருத்துக் கூறும் உரிமை குழந்தைகளுக்கு உண்டு என்றும், அக்கருத்துக்கு வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்பு அளிக்கப்பட வேண்டும் என்றும் கூறுகிறது. பின்லாந்து இதனைத் தன் உள்ளாட்சிச் சட்டத்திலேயே சேர்த்துள்ளது. அந்நாட்டின் ஒவ்வோர் உள்ளாட்சியிலும் இளையோர் மன்றமோ அதற்கு நிகரான ஓர் அமைப்போ இருத்தல் வேண்டும்; அது இயங்குவதற்கான வசதிகளை உள்ளாட்சியே செய்து தருதல் வேண்டும்.

பிரான்சு நாட்டின் ஸ்ட்ராஸ்பர்க் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஐரோப்பியப் பேரவை இன்னும் ஒருபடி மேலே சென்றது. அதன் இளையோர் துறையில் 'இணை மேலாண்மை' என்னும் முறை நடைமுறையில் உள்ளது. இளையோர் அமைப்புகளைச் சார்ந்த 30 பேர், அரசுகளின் பிரதிநிதிகளோடு ஒரே அவையில் அமர்கின்றனர். எப்பணிக்கு முதன்மை தருவது, நிதியை எவ்வாறு பகிர்வது என்பனவற்றை இருசாராரும் சேர்ந்தே முடிவு செய்கின்றனர். கருத்தைக் கேட்டுவிட்டு அனுப்பிவிடுவது வேறு. முடிவெடுக்கும் மேசையில் இருக்கை தருவது வேறு.

உழைப்புக்கு ஊதியம்

'அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்' என்பது தமிழ்ப் பழமொழி. ஆனால், அழுகை மட்டும் போதாது. யாரிடம், எச்சட்டத்தைக் காட்டிக் கேட்பது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஐரோப்பிய இளையோர் மன்றத்தின் பணி இதற்குச் சான்றாகும்.

1996ஆம் ஆண்டு தோன்றிய அம்மன்றம் பிரஸ்ஸல்ஸ் நகரிலிருந்து செயற்படுகிறது. நூற்றுக்கும் மேற்பட்ட இளையோர் அமைப்புகள் அதில் உறுப்பு வகிக்கின்றன. கல்வி முடித்த இளையோர் பலர் 'பயிற்சி' என்னும் பெயரில் மாதக்கணக்கில் ஊதியமின்றி வேலை செய்யும் நிலையை அம்மன்றம் எதிர்த்தது. ஊதியமில்லாமல் பெருநகரில் தங்கி உழைக்கப் பொருள் வளம் உள்ள வீட்டுப் பிள்ளைகளால்தான் இயலும். எனவே, ஏழை வீட்டு இளையோர்க்கு நல்ல வேலைகளின் முதற்படியே அடைபட்டுப் போகிறது.

2017ஆம் ஆண்டு அம்மன்றம், ஐரோப்பியப் பேரவையின் சமூக உரிமைகள் குழுவிடம் பெல்ஜியம் நாட்டின்மீது முறையீடு செய்தது. 2022ஆம் ஆண்டு தீர்ப்பு வெளியானது. பயிற்சி என்னும் போர்வையில் உண்மையான வேலையை வாங்குவோரைக் கண்டறிந்து தடுக்க அந்நாட்டின் தொழிலாளர் ஆய்வுத்துறை போதிய நடவடிக்கை எடுக்கவில்லை என்று குழு கூறியது. முறையீட்டுக்கும் தீர்ப்புக்கும் இடையே ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் கடந்திருந்தன. உரிமைப் பணியில் பொறுமையும் ஒரு கருவி என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

நாளைய காற்றுக்காக

2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கிரெட்டா துன்பெர்க் என்னும் 15 வயது மாணவி, சுவீடன் நாடாளுமன்றத்தின் முன் பதாகையுடன் அமர்ந்தார். காலநிலை மாற்றத்தைத் தடுக்க அரசு விரைந்து செயற்பட வேண்டும் என்பது அவர் கோரிக்கை. அவ்வாண்டுத் தேர்தலில் வாக்களிக்கும் வயது அவருக்கு இல்லை. எனினும், சில மாதங்களில் பல நாட்டு மாணவர்கள் அவரைப் பின்பற்றினர். 2014ஆம் ஆண்டு ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் 25 வயதுக்குட்பட்ட வாக்காளர்களுள் 28 விழுக்காட்டினரே வாக்களித்ததாகக் கணிக்கப்பட்டது. 2019ஆம் ஆண்டில் அது 42 விழுக்காடாக உயர்ந்தது.

வீதியில் எழுந்த குரல் நீதிமன்றத்தையும் எட்டியது. ஜெர்மனியின் காலநிலைச் சட்டத்தை எதிர்த்து இளையோர் உள்ளிட்டோர் வழக்குத் தொடுத்தனர். 2021ஆம் ஆண்டு அந்நாட்டின் அரசமைப்பு நீதிமன்றம், அச்சட்டத்தின் ஒரு பகுதி அரசமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. புகைவெளியீட்டைக் குறைக்கும் சுமையில் பெரும்பகுதியை 2030க்குப் பிந்திய காலத்துக்குத் தள்ளுவது வருங்காலத்தினரின் விடுதலையைப் பறிக்கும் என்பது அத்தீர்ப்பின் சாரம். அதே ஆண்டில் அரசு சட்டத்தைத் திருத்தியது. 2050ஆம் ஆண்டில் எய்துவதாக இருந்த இலக்கு 2045ஆம் ஆண்டுக்கு முன்கொணரப்பட்டது.

எஞ்சிய பணி

செய்ய வேண்டியவை இன்னும் உள்ளன. இத்தாலியில் மக்களவைத் தேர்தலில் போட்டியிட 25 வயதும், மேலவைத் தேர்தலில் போட்டியிட 40 வயதும் நிரம்பியிருக்க வேண்டும். 2021ஆம் ஆண்டு வரை, மேலவைத் தேர்தலில் வாக்களிப்பதற்கே 25 வயது நிரம்பியிருக்க வேண்டியிருந்தது. 2019ஆம் ஆண்டு உயர்ந்த இளையோர் வாக்குப்பதிவு 2024ஆம் ஆண்டில் மீண்டும் குறைந்தது. பெற்ற உரிமை பயன்படுத்தப்படாவிடில் தேய்ந்துபோகும்.

வேற்று நாட்டிலிருந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு மற்றொரு தடையும் உண்டு. அவர்கள் வாழும் நாட்டிலேயே படிக்கின்றனர். அந்நாட்டு மொழியையே பேசுகின்றனர். ஆயினும், குடியுரிமை இல்லையெனில் பெரும்பாலான நாடுகளில் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்க இயலாது. 2020ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து இயற்றிய சட்டம், அங்கே முறைப்படி வாழும் வேற்று நாட்டவரும் 16 வயது முதல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத் தேர்தலிலும் உள்ளாட்சித் தேர்தலிலும் வாக்களிக்க வழிசெய்தது. ஓர் ஊரில் வாழ்வோர் அனைவருக்கும் அவ்வூரின் நலத்தில் பங்குண்டு என்பதே இதன் அடிப்படை.

இந்தியாவில் ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தவர், தாம் வழக்கமாக வாழும் ஊரிலேயே வாக்காளராகப் பதிவு செய்துகொள்ளலாம். 17 வயது நிரம்பியவர் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். 18 வயது நிரம்பியபின் அவர் பெயர் பட்டியலில் சேரும். அதுவரை மாணவர் மன்றமும், வகுப்பறை விவாதமும், குடியிருப்போர் கூட்டமும் பயிற்சிக் களங்களாக உள்ளன. பிறர் கருத்தைச் செவிமடுத்தல், தம் கருத்தைச் சான்றோடு உரைத்தல், தோற்றாலும் மீண்டும் முயலுதல் ஆகிய மூன்றையும் பழகியவர்க்கு வாக்குச்சீட்டு வெறும் தாளன்று.

தெரிந்து தெளிவோம்

ஐரோப்பிய ஒன்றியம் வேறு. ஐரோப்பியப் பேரவை வேறு. ஒன்றியத்தில் 27 நாடுகள் உள்ளன. ஐரோப்பிய நாடாளுமன்றம் அதற்குரியது. பேரவை 1949ஆம் ஆண்டு தோன்றியது. 46 நாடுகளைக் கொண்டது. மனித உரிமைகளைக் காப்பதை முதன்மைப் பணியாகக் கொண்டது.

சொல்லும் பொருளும்

பட்டறிவு – அனுபவம்
இசைவு – ஒப்புதல்
ஒருமனதாக – எதிர்ப்பின்றி அனைவரும் உடன்பட்டு
முறையீடு – குறையைக் கூறித் தீர்வு வேண்டுதல்
செவிமடுத்தல் – கவனித்துக் கேட்டல்

பிரித்து எழுதுக

1. வாக்குரிமை
2. முதற்கருவி
3. அவ்வெல்லை
4. ஒவ்வோர்

குறுவினா

1. மேற்கு ஜெர்மனியின் பழைய வாக்குரிமை வயதில் இருந்த முரண்பாடு யாது?
2. 'இணை மேலாண்மை' என்பது யாது?
3. ஊதியமில்லாப் பயிற்சிப் பணி ஏழை இளையோரை எவ்வாறு பாதிக்கிறது?

நெடுவினா

பதினாறு வயதில் வாக்குரிமை வழங்குவதை ஆதரிப்போர், மறுப்போர் ஆகிய இருதரப்பின் கருத்துகளையும் தொகுத்து, உங்கள் முடிவைக் காரணத்துடன் எழுதுக.

செயல்பாடு

உங்கள் பள்ளியிலோ குடியிருப்புப் பகுதியிலோ மாற்றம் வேண்டும் ஒன்றைத் தேர்ந்தெடுக்க. அதனை யாரிடம் கூற வேண்டும், எச்சான்றுகளைக் காட்ட வேண்டும் என்பதைக் குழுவில் கலந்துரையாடி, உரியவருக்கு ஒரு விண்ணப்பக் கடிதம் எழுதுக.