ஒரு வகுப்பும் பல பிள்ளைகளும்

பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் மாணாக்கரை மூவகையாக வகுக்கின்றது. அன்னத்தையும் பசுவையும் போன்றோர் முதல் வகையினர்; மண்ணையும் கிளியையும் போன்றோர் இடைப்பட்டவர்; ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி என்பவற்றைப் போன்றோர் கடைப்பட்டவர். இப்பாகுபாடு பலர் நினைவில் நிலைத்துவிட்டது. ஆனால், அதே நூல் ஆசிரியருக்கு விதித்த கடமை அவ்வளவாக நிலைக்கவில்லை. பெறுபவன் எவ்வாறு பெற்றுக்கொள்வான் என்பதை உணர்ந்து, அவன் மனத்திற் பதியுமாறு கற்பித்தலே அக்கடமை.

இக்கடமை இன்று முன்னையினும் பெரிதாகியுள்ளது. இலங்கையில் சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி மந்திரியாக இருந்த காலத்தில், 1945ஆம் ஆண்டு இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. பணமின்மையால் அடைபட்டிருந்த பாடசாலைக் கதவு படிப்படியாகத் திறந்தது. 1994ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டின் சலமன்காவில் 92 அரசாங்கங்களின் பிரதிநிதிகள் கூடி, உடற்குறையோ கற்றற் குறையோ உள்ள பிள்ளைகளும் சாதாரண பாடசாலைகளிலேயே இடம்பெற வேண்டுமென அறிவித்தனர். ஆகவே, வகுப்பிற்குள் பலதிறப்பட்ட பிள்ளைகள் வருகின்றனர். அவ்வாறு வந்த பிள்ளைக்குப் பாடமும் எட்டுகின்றதா என்பதே கேள்வி.

நான்காம் வகுப்பிற் பின்னக் கணக்கு நடப்பதாகக் கொள்ளலாம். அரை பெரிதா, கால் பெரிதா என்று ஆசிரியர் வினவுகின்றார். மூன்று பிள்ளைகள் கால்தான் பெரிது என்று எழுதுகின்றனர். விடை ஒன்றே, பிழையின் காரணமோ வெவ்வேறு. ஒரு பிள்ளை, நான்கு இரண்டினும் பெரிதாகையால் நான்கில் ஒன்றும் பெரிதென்று எண்ணியது. இன்னொன்று பின் வாங்கில் இருந்தபடியால் கரும்பலகையில் எழுதியதைச் செவ்வையாகக் காணவில்லை. மற்றொன்றின் காதிற் சீழ் வடிவதால், ஆசிரியர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்ன சொற்கள் அதற்குக் கேட்கவில்லை. மூவர் கொப்பியிலும் பிழையென்று குறியிட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குச் செல்லும் ஆசிரியர் மூவரையும் மந்தபுத்தியுடையோர் என்றே கருதுவார். நாளடைவில் அப்பிள்ளைகளும் தம்மைப்பற்றி அவ்வாறே கருதத் தொடங்குவர். இதனினும் பெரிய நட்டம் யாது?

பரிகாரம் கடினமானதன்று. முதற் பிள்ளைக்கு ஓர் இறாத்தல் பாணை வெட்டிக் காட்டினாற் போதும். கடைக்குப் போய் அரை இறாத்தல் பாண் வாங்கிப் பழகிய பிள்ளை, அதனைப் பாதியாக்கினாற் கால் இறாத்தல் என்பதைக் கண்ணெதிரே காணும். இரண்டாம் பிள்ளையை முன் வாங்குக்கு அழைப்பதோடு, எழுதுவதை வாய்விட்டு வாசிக்கவும் வேண்டும். மூன்றாம் பிள்ளையைப் பார்த்துப் பேசுவதோடு, வைத்தியரிடம் காட்டுமாறு பெற்றோருக்கு அறிவிக்கவும் வேண்டும். விரைந்து விளங்கிக்கொண்ட பிள்ளையையும் மறத்தலாகாது. அரைக்கும் காலுக்கும் இடைப்பட்ட பின்னம் ஒன்றைக் கண்டுபிடி என்று அதற்கொரு வேலை கொடுக்கலாம்.

நாற்பது பிள்ளைகளுக்கு நாற்பது பாடம் நடத்த இயலுமா என்று ஆசிரியர் கேட்பது நியாயமே. அவ்வாறு யாரும் கேட்கவில்லை. பாடம் ஒன்றே, அதனுள் நுழையும் வழிகளே பல. காட்டியும், சொல்லியும், செய்வித்தும் ஒரே கருத்தைக் கற்பித்தால், பெரும்பாலான பிள்ளைகள் ஏதேனும் ஒரு வழியால் உட்புகுவர். எஞ்சிய சிலரைத் தனியே கவனிக்க அப்பொழுது நேரமும் கிடைக்கும். எழுத்திலே தடுமாறும் பிள்ளை தாளை மடித்துக் காட்டியும் விடையளிக்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. வழியை மாற்றுவது வேறு. இலக்கைத் தாழ்த்துவது வேறு. பின்தங்கிய பிள்ளைக்கு இலேசான வேலையை மாத்திரம் என்றும் கொடுத்து வந்தால், அப்பிள்ளை அவ்விடத்திலேயே நின்றுவிடும். குழுக்களாகப் பிரித்துக் கற்பிக்கும்போதும், பாடத்துக்குப் பாடம் குழுக்களை மாற்றியமைத்தல் வேண்டும். கணக்கிற் பின்தங்கிய பிள்ளை சித்திரத்தில் முந்தி நிற்கலாம்.

ஒரு பிள்ளையை ஓட்டைக் குடமென்று ஒதுக்குமுன், நீர் வார்த்த கை குடத்தின் வாய்க்கு நேராக இருந்ததா என்று பார்த்தல் ஆசிரியர் கடன்.