ரத்துக் கட்டணம்: இழப்பீடா, அபராதமா?

டில்லியில் மே, ஜூன் மாதங்களில் குளிர்சாதனம் பழுது பார்ப்போருக்குக் கிராக்கி மிகுதி. முன்பெல்லாம் பக்கத்துக் கடையில் சொல்லி வைத்தால் ஆள் வருவார். சில நாள் வராமலும் இருப்பார். வராதவரிடமோ, வேண்டாமென்று சொன்னவரிடமோ பணம் கேட்கும் வழக்கம் இருந்ததில்லை. இன்று செல்பேசிச் செயலியின் வாயிலாக நாளும் நேரமும் குறித்து முன்பதிவு செய்யப்படுகிறது. பதிவை ரத்து செய்தால் ஒரு தொகை பிடித்துக் கொள்ளப்படுகிறது. தொகை சிறிது, ஆயினும் அதை எந்த நியாயத்தின் மீது வசூலிக்கிறார்கள் என்ற வினா சிறியதன்று.

ரத்துக் கட்டணம் முற்றிலும் அநியாயமானது எனக் கூறிவிட இயலாது. லக்ஷ்மி நகரிலிருந்து துவாரகைக்குக் கருவிப் பையுடன் புறப்பட்டுவிட்ட தொழிலாளி, வழியிலேயே வேலை இல்லை என்று அறிந்தால், எரிபொருட் செலவோடு அந்த நேரத்துக்குரிய வருவாயையும் இழக்கிறார். அதற்கு ஈடு செய்வது முறையே. ஆனால் முதல் நாளே ரத்து செய்யப்பட்ட பதிவுக்கு எவருக்கும் நட்டம் நேர்வது அரிது. இரண்டுக்கும் ஒரே கட்டணம் விதித்தால் அது இழப்பீடு என்ற தன்மையை இழந்து அபராதமாகிறது. அவ்வாறு பெற்ற தொகை தொழிலாளியைச் சேராமல் நிறுவனத்திடமே தங்குமாயின், அதற்குக் கூறப்படும் காரணமும் வலுவிழக்கிறது.

இவ்வேறுபாடு புதியதன்று. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவு, ஒப்பந்தத்தில் எத்தொகை குறிக்கப்பட்டிருப்பினும், அதற்கு மேற்படாத நியாயமான இழப்பீட்டையே பெறலாம் என்கிறது. டில்லியில் ஒரு மனையும் கட்டடமும் விற்பது பற்றிய ஃபதே சந்த் வழக்கில், 1963இல் உச்ச நீதிமன்றம் இப்பிரிவை விளக்கியது. விற்பவர் பெற்றிருந்த 25,000 ரூபாயில் முன்பணமான 1,000 ரூபாயை அவர் வைத்துக் கொள்ளலாம். நட்டம் மெய்ப்பிக்கப்படாத நிலையில் எஞ்சிய 24,000 ரூபாயைப் பறிமுதல் செய்ய இயலாது என்று தீர்ப்பாயிற்று.

மின்வணிகத்துக்கெனத் தனி விதிகள் 2020 ஜூலை 23 அன்று அறிவிக்கப்பட்டன. சேவைகளும் அவற்றுள் அடங்கும். பதிவை உறுதி செய்தபின் ரத்து செய்யும் நுகர்வோரிடம் நிறுவனம் கட்டணம் பெற வேண்டுமாயின், தானே ஒருதலையாக ரத்து செய்யும்போதும் அதையொத்த கட்டணத்தை ஏற்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. கட்டணத்தை மறுக்க விரும்புவோர் முதலில் பார்க்க வேண்டியது இதுவே: நிறுவனத்தின் நிபந்தனைகளில் அத்தகைய பொறுப்பு ஏற்கப்பட்டுள்ளதா?

பதிவு செய்த நேரம், ரத்து செய்த நேரம், அப்போது திரையில் காட்டப்பட்ட நிபந்தனை ஆகியவற்றைப் பாதுகாத்து வைத்து, நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் முறையீடு கிடைத்ததை ஒப்புக் கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண விதி கட்டாயப்படுத்துகிறது. பயனில்லையெனில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915ஐ அழைக்கலாம். அதன் பின்னரே மாவட்ட நுகர்வோர் ஆணையம். தாம் வசிக்கும் அல்லது பணிபுரியும் இடத்திலேயே, இரண்டாண்டுக்குள் முறையிடலாம்; கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருப்பின் கட்டணம் இல்லை. ஒப்பந்தமே நியாயமற்றது என்று வாதிடுவோர் மட்டும் மாநில ஆணையத்தை நாட வேண்டியுள்ளது. சிறு தொகைக்காக வழக்காடுவோருக்கு இது சற்று நீண்ட வழியே.

ஒரு சிறு தொகைக்காக ஒரு நாள் வேலையை விட்டு ஆணையத்துக்குச் செல்வோர் சிலரே. பலரிடம் சிறிது சிறிதாகப் பெறும் நிறுவனத்துக்கு அதுவே வசதி. இத்தகைய குறைகளை ஒருங்கே ஆராயவே, 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமைக்கப்பட்டது. 2022 மே மாதத்தில் வாடகைக் கார் நிறுவனங்களான ஓலா, ஊபர் ஆகியவற்றுக்கு அது அனுப்பிய அறிவிக்கைகளில் நியாயமற்ற ரத்துக் கட்டணமும் இடம் பெற்றது. 1915இல் பதிவாகும் ஒவ்வொரு முறையீடும், பணம் திரும்பினாலும் திரும்பாவிடினும், அவ்வாணையம் நடவடிக்கை எடுப்பதற்கு ஆதாரமாகக் கூடும்.