எனாமலைக் காக்கும் கைத்திறன்

முன்பல்லுக்கு வெனீர் ஒட்டப் போகிறவர்கள் முதலில் கேட்பது விலையைத்தான். பல்லை எவ்வளவு தேய்ப்பீர்கள் என்றும் கேளுங்கள். (அழகு நிலையத்தில் இதைச் செய்வது மலேசியாவில் குற்றம், அது தனிக் கதை.)

வெனீர் என்பது பல்லின் முன்புறம் ஒட்டும், ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கனமுள்ள பீங்கான் தகடு. அதற்கு இடம்விட எனாமலைப் பெரும்பாலும் சற்றுத் தேய்க்க வேண்டும். எனாமலை உருவாக்கும் செல்கள் பல் முளைக்கும்போதே அழிந்துவிடுகின்றன. ஆகவே தேய்த்தது மீண்டும் வளராது. இன்னொன்று, அமிலம் தடவி நுண்குழிகள் விழுந்த எனாமலைப் பிசின் இறுகப் பற்றும். 1955இல் மைக்கேல் புவோனகோர் காட்டிய வழி இது. அடியிலுள்ள டென்டினில் அந்த உறுதி கிடைப்பதில்லை. தேர்ந்த பல் மருத்துவர் முடிந்தவரை எனாமலுக்குள்ளேயே நிறுத்திக்கொள்வார்.

நிறத்திலும் திறமை தெரியும். வாய் திறந்தே இருந்தால் பல் உலர்ந்து, வழக்கத்தைவிட வெளுப்பாகத் தோன்றும். அதனால் வேலை தொடங்குமுன்பே, ஈரப் பல்லின் அருகில் மாதிரிப் பற்களை வைத்து ஒப்பிடுவார். பற்களை வெளுக்கும் எண்ணமிருந்தால் அதை முதலில் முடித்து, நிறம் நிலைக்க ஏறக்குறைய இரண்டு வாரம் பொறுப்பார். பீங்கானைப் பிறகு வெளுக்க முடியாது.

பல் கோணல் மட்டும்தான் என்றால், வெனீர் வேண்டாம், கம்பி போட்டால் போதும் என்று சொல்பவரும் உண்டு. அவரிடம் போகலாம்.