சக்கரத்துக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் குடை



மட்கார்டு இல்லாத சைக்கிளை மழையில ஓட்டினா முதுகு முழுக்க சேறு கோடு போடும். காருக்கும் அதே கதைதான். காரின் மட்கார்டு என்பது வெளியே பெயிண்ட் அடித்த தகடு. இதை ஃபெண்டர் என்றும் சொல்வார்கள். அதற்கு உள்ளே, டயருக்கு மேலே வளைவாக ஒரு கறுப்பு பிளாஸ்டிக் இருக்கும். குனிந்து பார்த்தால்தான் தெரியும். அதுதான் ஃபெண்டர் லைனர்.

மூக்கண்டப்பள்ளியில் என் மாமா டிங்கரிங் பட்டறை வைத்திருக்கிறார். லீவு விட்டால் கெலவரப்பள்ளியில் இருந்து அங்கே போய்விடுவேன். அங்கே நான் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

லைனர் எதற்கு?

கார் மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் போனால் வினாடிக்கு 20 மீட்டர் ஆகிறது. டயரில் சிக்கிய கல் ஏறக்குறைய அந்த வேகத்திலேயே தெறித்து மேலே அடிக்கும். லைனர் அந்த அடியைத் தான் வாங்கிக்கொள்ளும். லைனர் இல்லையென்றால் மட்கார்டுக்கும் கதவுக் கீலுக்கும் நடுவே ஈர மண் சேரும். இரும்பு, நீர், காற்று மூன்றும் சேர்ந்தால் துரு என்று அறிவியலில் படித்தோம் இல்லையா? துரு உள்ளே இருந்து தின்னும். வெளியே பெயிண்ட் கொப்பளிக்கும்போது பாதித் தகடு போயிருக்கும்.

கிளிப் சொன்ன ரகசியம்

எங்க தெரு அண்ணன் ஒருவர் கடன் வாங்கி, கே.ஏ. நம்பர் உள்ள பழைய கார் ஒன்று வாங்கினார். பெயிண்ட் பளபளன்னு இருந்தது. ஆனால் இடது முன் சக்கரத்தின் லைனர் மட்டும் நிற்கவே இல்லை. டயரில் உரசி சர்சர்னு சத்தம். மூன்று தடவை கிளிப் மாற்றியும் கழன்று விழுந்தது.

மாமா பார்த்துவிட்டு, "தம்பி, கிளிப் மேல குத்தம் இல்ல. ஓட்டையும் ஓட்டையும் நேருக்கு நேர் வரல. மட்கார்டு தள்ளி உட்கார்ந்திருக்கு. எது தள்ளுச்சுன்னு பார்க்கணும்" என்றார்.

பிறகு பானெட்டுக்கும் மட்கார்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளந்தார். பெரும்பாலான கார்களில் இது 3 முதல் 5 மி.மீ. இருக்கும், முழு நீளத்துக்கும் ஒரே அளவாக இருக்கும். இதில் முன்னால் 2, பின்னால் 7!

அடுத்து பானெட்டைத் திறந்து, இன்ஜின் அறையைக் குறுக்காக மூலைக்கு மூலை டேப் வைத்து அளந்தார். செவ்வகத்தின் மூலைவிட்டங்கள் சமம் என்பது நம்ம கணக்குப் பாடம். இங்கே ஒன்றுக்கொன்று 12 மி.மீ. வித்தியாசம். பழைய விபத்தில் உள்ளே இருக்கும் சட்டமே வளைந்திருக்கிறது! யாரோ அதை நிமிர்த்தாமல், மேலே பட்டி பூசி பெயிண்ட் அடித்து விற்றுவிட்டார்கள்.

இது ஏன் ஆபத்து?

அசோக் லேலண்ட் லாரி சேஸி மட்டும் தனியாக ரோட்டில் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். டிரைவர் ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஓட்டுவார். லாரிக்கும் பொலேரோ மாதிரி வண்டிக்கும் சேஸி தனி. ஆனால் மாருதி 800 போன்ற சின்னக் கார்களுக்கு உடம்பேதான் சேஸி. மோதும்போது முன்பக்கச் சட்டம் மடங்கி அடியை வாங்கினால்தான் உள்ளே இருப்பவர் தப்புவார். ஏற்கெனவே வளைந்த சட்டம் அந்த வேலையைச் சரியாகச் செய்யாது. அண்ணன் அந்தக் காரில்தான் தன் குழந்தையையும் கூட்டிப்போகிறார்.

சரி செய்த வரிசை

முதலில் சட்டத்தை மெஷினில் இழுத்து நேராக்கினார்கள். அண்ணனுக்கு அந்தச் செலவு பாரம்தான். பிறகு பின்கதவைப் பார்த்து முன்கதவு, முன்கதவைப் பார்த்து மட்கார்டு, மட்கார்டைப் பார்த்து பானெட், அப்புறம் பம்பர். அளவு சரியாகும் வரை போல்ட்டை முழுசா இறுக்கவில்லை. கடைசியில் லைனர். விரலால் அழுத்தியதுமே கிளிப் 'டக்'குன்னு உட்கார்ந்தது.

செய்து பாருங்கள் (பெரியவர்களிடம் கேட்டுவிட்டு, நிறுத்திய வண்டியில் மட்டும்)

1. பானெட்டின் இரண்டு பக்க இடைவெளியையும் ஸ்கேலால் அளக்கவும். சமமா?

2. மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை இரும்பு மட்கார்டில் வைக்கவும். பட்டி தடிமனாக இருந்தால் ஒட்டாது.

3. குனிந்து லைனரைப் பார்க்கவும். கிளிப் எல்லாம் இருக்கிறதா?

உங்க வீட்டில் யாராவது பழைய கார் வாங்கப் போனால் ஸ்கேலும் காந்தமும் எடுத்துக்கிட்டு நீங்களும் கூடப் போங்க!