தட்டிப் பார்த்துட்டு வாங்கு: ஒரு கதவு, ஒரு தாத்தா, ஒரு பத்தாம் வகுப்பு

போன நவம்பரில் அப்பா ஊரிலிருந்து விசிட் விசாவில் வந்தார். வந்த அன்றே பெட்டியைக்கூடப் பிரிக்காமல், என் மகள் அறைக் கதவை நடுவிரல் முட்டியால் ரெண்டு தட்டு தட்டினார்.

"உள்ளே காத்துதான் இருக்கு. காசு குடுத்து காத்தை வாங்கியிருக்கீங்க."

அப்பாவுக்கு அதைச் சொல்லும் உரிமை உண்டு. காரைக்குடிப் பக்கம் தாய்மாமாவிடம் தச்சு வேலை பழகி, 1983-ல் ஷார்ஜாவுக்கு வந்தவர். கதவும் அலமாரியும் செய்யும் பட்டறையில் ஆசாரியாகச் சேர்ந்து, ஃபோர்மேன் ஆகி, 1991-ல்தான் அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டார். ரோலா பக்கத்தில் ஒற்றைப் படுக்கையறை வீட்டில் வளர்ந்தவள் நான். 2014-ல் அவர் ஊருக்குத் திரும்பினார். நான் இங்கேயே தங்கிவிட்டேன். உங்களில் பலருக்கும் இதே கதைதான் இருக்கும்.

அன்றைக்கு வீட்டில் பிரச்சினை கதவு மட்டும் இல்லை. மகள் பத்தாம் வகுப்பு. ஹாலில் டிவி, சமையலறையில் மிக்ஸி, மாடிப்படியில் தம்பி. "அம்மா, கதவைச் சாத்தினாலும் எல்லாமே கேக்குது" என்று தினமும் ஒரு சண்டை. தாத்தா வந்த பிறகு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. சாத்திய கதவே அவருக்குப் பிடிக்கவில்லை. "பொம்பளைப் பிள்ளை நாள் பூரா கதவைச் சாத்திட்டு உள்ளே என்ன பண்ணுது?" என்று என்னைக் கேட்பார். அவள் காதில் விழும். விழாமல் இருக்குமா, அந்தக் கதவில்!

ஒரு வெள்ளிக்கிழமை அவள் அழுதேவிட்டாள். "இந்த வீட்ல எனக்குன்னு ஒரு இடமே இல்ல." அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை சட்டையை மாட்டிக்கொண்டு, "ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவுக்கு வண்டியை எடு. பிள்ளையையும் கூட்டிட்டு வா" என்றார்.

கதவுக்குள்ளே என்ன இருக்கு?

அப்பாவிடம் வேலை பழகிய ஒருவர் இன்று அங்கே சொந்தமாகச் சின்னப் பட்டறை நடத்துகிறார். வாசலில், பழைய கதவு ஒன்றைக் குறுக்கே அறுத்துச் சாய்த்து வைத்திருந்தார். மகள் குனிந்து பார்த்துவிட்டு, "தாத்தா, இது அட்டைப் பெட்டி!" என்றாள்.

அவள் சொன்னது சரிதான். நம்மில் பலர் வீட்டில் இருக்கும் வெள்ளைக் கதவு அந்த வகைதான். சுற்றி ஒல்லியாக ஒரு மரச்சட்டம், நடுவில் தேன்கூடு மாதிரி மடித்த காகித அட்டை, இரண்டு பக்கமும் மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு அழுத்திய மரநார்த் தகடு. மேலே தெரியும் அழகான பேனல்கள் அச்சில் வைத்து அழுத்திய வெறும் மேடு பள்ளம்தான். பூட்டு வரும் இடத்தில் மட்டும் ஒரு மரக்கட்டை வைத்திருப்பார்கள். வேறு இடத்தில் ஆணி அடித்தால் காற்றில்தான் அடிக்க வேண்டும்.

கெட்டிக் கதவு வேறு. நடுவில் மரத்துகளைப் பசையோடு சேர்த்து அழுத்திய சிப்போர்டு, அல்லது வரிசையாக ஒட்டிய மரக்கட்டைகள். ஓரம் நான்கிலும் நல்ல மரத்தில் பட்டி. அதன் இரு முகத்திலும் எம்டிஎஃப் தகடு. பசை தடவி, பிரஸ்ஸில் வைத்து அழுத்துவார்கள்.

"ரெண்டு பக்கமும் ஒரே கனத்துல ஒட்டணும். ஒரு பக்கம் கனமா, ஒரு பக்கம் லேசா ஒட்டினா, அப்பளம் மாதிரி வளைஞ்சிரும்" என்றார் அப்பா.

நம்ம ஊர்க் கதவு ஏன் பேனல் போட்டது?

மகள் கேட்டாள்: "அப்போ காரைக்குடி வீட்டு மாதிரி தேக்குப் பலகையே போட்டா என்ன?"

அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. செட்டிநாட்டு வீடுகளின் பர்மாத் தேக்குக் கதவுகளைப் பழுது பார்த்துத்தான் அவர் தொழிலே கற்றார். மரம் நீளவாக்கில் அவ்வளவாக அசையாது. அகலவாக்கில்தான் ஈரம் குடித்து ஊறும், காய்ந்தால் சுருங்கும். அகலமான ஒற்றைப் பலகையில் கதவு செய்தால் மழைக்காலத்தில் இறுகும், வெயிலில் வெடிக்கும். அதனால்தான் ஒல்லியான சட்டங்களைத் துளையும் நாக்குமாகப் பூட்டி, உள்பக்கம் காடி வெட்டி, பலகையை அந்தக் காடிக்குள் பசை போடாமல் சும்மா நிறுத்தினார்கள். பலகை உள்ளேயே ஊறிச் சுருங்கிக்கொள்ளும், கதவின் அளவு பெரிதாக மாறாது.

"பேனல் அழகுக்குன்னு நெனைக்கிறோம். அது மரத்துக்கு மூச்சு விட இடம்" என்றார்.

வளைகுடாவில் இது இன்னும் முக்கியம். வெளியே ஆகஸ்ட் மாதக் கடற்கரைப் புழுக்கம், உள்ளே ஏசியின் வறட்சி. ஒரே கதவின் இரண்டு முகத்துக்கும் இரண்டு பருவம். ஆகவே இங்கே நல்ல பட்டறைகள் சட்டத்தையும் ஒரே கட்டையில் செய்வதில்லை. சின்னச் சின்னத் துண்டுகளை ஒட்டி, மேலே மெல்லிய மரத்தோல் போர்த்துகிறார்கள். பேனலுக்கு எம்டிஎஃப். அது மரத்தைவிடக் குறைவாகவே அசையும்.

ஆனால் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சட்டம் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும், நடுப் பேனல் மெலிந்திருந்தால் சத்தம் அந்த வழியாகப் போய்விடும். எங்களுக்கு வேண்டியது அழகு மட்டும் இல்லையே. அப்பா கணக்குப் போட்டார்: முழுக்கக் கெட்டியான ஒரே பலகை 32 மில்லிமீட்டர். அதன் இரு முகத்திலும் 6 மில்லிமீட்டர் எம்டிஎஃப் பட்டிகளைச் சட்டம் மாதிரி ஒட்டி, ஓரத்தில் பீடிங். மொத்தம் 44. பேனல் பள்ளத்திலும் 32 கெட்டி. எடை 45 கிலோவுக்கு மேல். பழைய கதவு அதில் மூன்றில் ஒரு பங்குதான். அதனால் கீல் இரண்டு போதாது, மூன்று.

"உங்க ரூம்ல எந்தக் கதவு?"

திரும்பும் வழியில் மகள் கேட்டாள்: "தாத்தா, நீங்க இங்க வேலை பாத்தப்போ உங்க ரூம்ல எந்த மாதிரி கதவு?"

அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். ஒரு அறையில் பன்னிரண்டு பேர். இரட்டை அடுக்குக் கட்டில். அறைக்கு ஒரு கதவு, அது எப்போதும் திறந்தே கிடக்கும். யாராவது வேலைக்குப் போவார்கள், யாராவது வருவார்கள். "என் கட்டிலைச் சுத்தி ஒரு பழைய லுங்கியைக் கட்டி வெச்சிருந்தேன். உங்க பாட்டி லெட்டர் வந்தா அதுக்குள்ள போய்த்தான் படிப்பேன்."

கொஞ்ச நேரம் வண்டிக்குள் சத்தமே இல்லை.

"பகல் பூரா ஊருக்கெல்லாம் கதவு செஞ்சோம். ராத்திரி நமக்கு லுங்கி" என்று சிரித்தார். பிறகு, அவளைப் பார்க்காமலே, "நீ சாத்திக்கத்தா" என்றார்.

எட்டு வருடம் அவர் அப்படி இருந்தார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நான் கேட்டதே இல்லை.

பூட்டு யார் கையில்?

கதவு வந்தது. அடுத்த சண்டை பூட்டுக்கு. பூட்டே வேண்டாம் என்றேன் நான். வேண்டும் என்றாள் அவள். அப்பா ஒரு பூட்டு வாங்கி வந்தார். உள்ளே திருகினால் பூட்டிக்கொள்ளும், வெளியே ஒரு சின்னக் கோடு. அவசரம் என்றால் ஒரு நாணயத்தை வைத்துத் திருகித் திறக்கலாம். குளியலறைக் கதவுகளுக்கு வரும் சாதாரணப் பூட்டுதான். எல்லோரையும் நிற்க வைத்து, ஒரு திர்ஹம் நாணயத்தை நிலையின் மேல்விளிம்பில் வைத்தார். "ஆபத்துக்கு மட்டும். வேற எதுக்கும் இதை எடுக்கக் கூடாது. உங்க அம்மாவும்தான்."

அப்பா போகும்முன் எனக்கு எழுதி வைக்கச் சொன்னவை, உங்களுக்கும் உதவும்:

• வாங்கும்முன் தட்டிப் பாருங்கள். பானைச் சத்தம் வந்தால் உள்ளே அட்டை. முடிந்தால் ஓரத்தைப் பிடித்துத் தூக்கியும் பாருங்கள்.

• கதவின் மேல்விளிம்புக்கும் கீழ்விளிம்புக்கும் பெயிண்ட் அடித்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பெயிண்டர்கள் விட்டுவிடும் இடம் அதுதான். குளியலறைக் கதவு கீழே உப்புவதும் அதனால்தான்.

• பலகை ஈ1 தரமா என்று கேளுங்கள். பசையிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு வாயுவுக்கான ஐரோப்பிய அளவு அது. குழந்தை தூங்கும் அறைக்கு அவசியம்.

• கதவுக்கு அடியிலும் சத்தம் நிறையப் போகிறது. ஆனால் அந்த இடைவெளியை முழுக்க அடைக்காதீர்கள். பல வீடுகளில் ஏசி காற்று திரும்பிப் போகும் வழியே அதுதான்.

• ஏசியை அணைத்துவிட்டு ஜூலையில் ஊருக்குப் போய் வந்தால் கதவு இறுகியிருக்கும். உடனே இழைக்கச் சொல்லாதீர்கள். ஏசி போட்டுச் சில வாரம் பாருங்கள், தானே இளகலாம்.

• சின்னப் பிள்ளைகள் இருந்தால் கீல் பக்க இடுக்குக்கு விரல் காப்புப் பட்டி போடுங்கள். கதவு கனமாக ஆக, ஆபத்தும் கூடும்.

• அடுக்குமாடியில் பொது வராந்தாவுக்குத் திறக்கும் கதவு பெரும்பாலும் தீத்தடுப்புக் கதவு. அது தானாகச் சாத்திக்கொள்வது உங்களைக் காப்பாற்றத்தான். செருப்பு ஸ்டாண்டை முட்டுக் கொடுத்துத் திறந்து வைக்காதீர்கள், மேலே இருக்கும் க்ளோசரைக் கழற்றாதீர்கள்.

• வாடகை வீடு என்றால் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பழைய கதவைத் தூக்கிப் போடாதீர்கள்.

பரீட்சை முடிந்துவிட்டது. அவள் இப்போதும் கதவைச் சாத்திக்கொள்கிறாள், முன்னைவிடக் குறைவாக. வாரம் ஒருமுறை தாத்தாவுடன் வீடியோ காலில் பேசுவதும் அந்த அறைக்குள்தான். என்ன பேசுகிறார்கள் என்று எனக்குக் கேட்பதில்லை. நேற்று தூசி துடைக்கும்போது நிலைக்கு மேலே கை பட்டது. நாணயம் வைத்த இடத்திலேயே இருந்தது. துடைத்துவிட்டு அங்கேயே வைத்தேன்.