இது என்ன பழம் பாஸ்?

ஜூஸ் கடையில் தொங்குற சாத்துக்குடி, எந்தப் பழத்துக்குச் சொந்தக்காரன்? மெனு போர்டில் 'ஸ்வீட் லைம்'னு இருக்கிறதைப் பார்த்து, 'எலுமிச்சைக்கு!'னு சொன்னா நீங்க அவுட். அது அக்மார்க் ஆரஞ்சு! தோல் பச்சை, புளிப்பு கம்மி, அவ்வளவுதான். நாம ஆரஞ்சுன்னு உரிச்சுத் தின்கிற கமலாதான் உண்மையில் வேற... அது மாண்டரின். நகம் பட்டாலே தோல் கழண்டு வரும். நிஜ ஆரஞ்சுக்குத் தோல் சதையோட ஒட்டிக்கிட்டிருக்கும், கத்தி வேணும்.

எலுமிச்சையிலும் இதே கூத்து. உருண்டையா, மெல்லிய தோலோட நாம சர்பத்துக்குப் பிழியறது லைம். லெமன் இன்னும் பெருசு, நீள்உருண்டை, தடித்த தோல், நுனியில் ஒரு மூக்கு. கேக் ரெசிப்பியில் 'ஒரு லெமன்'னு போட்டிருந்தா நம்மூர்ப் பழம் ஒண்ணு பத்தாது. (அதுக்காக லெமன் சாதத்துக்குப் பேரை மாத்தணும்னு யாரும் கிளம்பிடாதீங்க!)

குழப்பத்துக்குக் காரணம், இந்தக் குடும்பமே ஏகப்பட்ட கலப்பு மணக் குடும்பம். பம்ளிமாஸும் மாண்டரினும் கலந்து வந்தது ஆரஞ்சு. அந்த ஆரஞ்சு மறுபடி பம்ளிமாஸோட சேர, கிரேப்ஃப்ரூட்!

இந்தக் கடைசி ஜோடியைத்தான் கண்டிப்பா அடையாளம் தெரிஞ்சு வெச்சுக்கணும். பம்ளிமாஸ் பெருசு, தோலுக்கடியில் பஞ்சு மாதிரி தடிமனா வெள்ளை, சுளை கொஞ்சம் உலர்ந்தாப்ல உதிரும். கிரேப்ஃப்ரூட் சின்னது, தோல் மெல்லிசு, சாறு அதிகம், கசக்கும். திராட்சைக்கும் இதுக்கும் ஸ்நானப்ராப்தி கிடையாது.

ஃபெலோடிபின் என்ற பி.பி. மருந்தோட மதுவைச் சேர்த்துச் சோதிச்ச கனடா ஆய்வாளர்கள், மது வாடை தெரியாம இருக்க கிரேப்ஃப்ரூட் ஜூஸைக் கலந்தாங்க. பார்த்தா, ரத்தத்தில் மருந்தின் அளவு எக்கச்சக்கமா ஏறிக் கிடக்கு! 1989-ல் இதை வெளியிட்டாங்க. மருந்தை உடைக்கிற குடல் என்சைமை இந்த ஜூஸ் முடக்கிப் போடுது. கொலஸ்ட்ராலுக்கான சிம்வாஸ்டாடின், அடோர்வாஸ்டாடின் மாத்திரைகளுக்கும் இதே வில்லங்கம் உண்டு. காலையில் ஜூஸ், ராத்திரி மாத்திரைன்னு தள்ளிவெச்சும் தப்பிக்க முடியாது. ஒருநாளுக்கு மேலயும் பாதிப்பு நிற்கும்.

பம்ளிமாஸும் இதே வேலையைச் செய்யக்கூடியதுதான். சாத்துக்குடி மாதிரி இனிப்பு ஆரஞ்சுகளுக்கு இந்த வம்பு இல்லை. அதனால், அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ பழம் வாங்கிட்டுப் போறவங்க பேரைப் பார்க்காம பழத்தைப் பாருங்க. பாட்டில் ஜூஸா இருந்தா, பின்பக்கப் பொடி எழுத்தையும் படிச்சுடுங்க. சந்தேகம்னா மருந்துக் கடையில் இல்லை, டாக்டர்கிட்ட கேளுங்க.