மறந்தவர் வாய்க்கும் மிஸ்வாக் உண்டு

அறிந்தவற்றை எல்லாம் அறியாமற்போகும் தள்ளாத முதுமைக்கு மனிதரிற் சிலர் திருப்பப்படுவர் எனத் திருமறையின் 'அந்நஹ்ல்' அத்தியாயம் உணர்த்துகிறது. இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தோரில் 88 இலட்சம் பேர் மறதி நோயுடன் வாழ்வதாக 2023இல் வெளியான ஆய்வொன்று கணித்துள்ளது.

அறிவு முற்றிலும் மங்கியவர்மீது தொழுகை கடமையன்று, ஒளுவும் கடமையன்று. ஆகவே பல் துலக்குதலும் வேண்டியதில்லை எனச் சில இல்லத்தார் எண்ணிவிடுகின்றனர். கடமை நீங்கியது அவருக்கு. பணிவிடை செய்யும் நமக்கன்று. வாயில் தங்கும் அழுக்கு ஈறுகளைப் புண்ணாக்கும். கிருமிகள் எச்சிலுடன் மூச்சுக்குழலில் இறங்கினால் நிமோனியாக் காய்ச்சலும் வரக்கூடும். பல்வலியைச் சொல்லத் தெரியாத முதியவர் உணவை மறுப்பார்; நாமோ அதனைப் பிடிவாதம் என்று கடிந்துகொள்வோம்!

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் இறுதி வேளையை நினைவுகூர்வோம். அவர்களுடைய அறிவு அப்போதும் தெளிவாகவே இருந்தது, உடல்தான் தளர்ந்திருந்தது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது சாய்ந்திருந்த அண்ணலாரின் பார்வை, அப்துர் ரஹ்மான் (ரலி) கையிலிருந்த மிஸ்வாக்கின்மீது சென்றது. பார்வையின் பொருளை அன்னையார் உணர்ந்தார்கள். வாங்கித் தரவா எனக் கேட்டார்கள். அது கடினமாயிருக்கவே, மென்மையாக்கித் தரவா என மீண்டும் கேட்டார்கள். அண்ணலார் தலையசைத்த பின்னரே அவ்வாறு செய்து கொடுத்தார்கள். புகாரி ஷரீபில் காணும் செய்தி இது.

மருத்துவர்கள் இன்று பணிவிடையாளருக்குக் கற்பிப்பதும் இம்முறையே அன்றோ! நிமிர்த்தி அமர்த்துக. பிரஷ்ஷைக் காட்டி, செய்யப்போவதைச் சொல்லுக. மென்மையான பிரஷ்ஷும் பட்டாணி அளவு பற்பசையும் போதும். இயன்றவரை அவர் கையாலேயே துலக்கச் செய்து, அக்கையை மெல்லப் பற்றி வழிநடத்துக. மறுத்தால் வற்புறுத்தாது, சற்று நேரம் கழித்து முயல்க. பல்செட்டை இரவில் கழற்றிக் கழுவி நீரிலிடுக.

இவற்றைப் பழகிக்கொள்ளப் பயிற்சி வேண்டும். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இல்லம் வரும் செவிலியரிடம் கேட்டறியலாம். விழுப்புரம், திண்டிவனம் மஹல்லா ஜமாஅத்தார் பல் மருத்துவர் ஒருவரை அழைத்து, பெண்களும் ஆண்களும் தனித்தனியே பயில ஏற்பாடு செய்தால் அது பெரும் நன்மையாகும். மருமகள்மீது மட்டும் சுமத்தாமல் மகனும் பழகட்டும்.

முதுமையடைந்த பெற்றோரை நோக்கிச் 'சீ' என்றும் சொல்லலாகாது என்பது இறைகட்டளை. வாய் நாற்றத்திற்கு முகம் சுளிப்பதும் அத்தகையதே. நம் வாய்க்கு முதல் உணவூட்டிய கரங்களுக்கு நன்றி செலுத்தும் பேற்றை வல்ல அல்லாஹ் நமக்கு அருள்வானாக! ஆமீன்.